மூலக்கூறுக்கு வடிவம் கொடுத்தது யார்?

இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஒரு ஆக்ஸிஜன். மொத்தம் ஒன்பது அணுக்கள். இவற்றை ஒரு விதமாகக் கோத்தால் எத்தனால் கிடைக்கும். சாராயத்தில் போதை தருகிற அதே சரக்குதான். 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் திரவம். அதே ஒன்பது அணுக்களை வேறு விதமாகக் கோத்தால் டைமெத்தில் ஈதர். சாதாரண அறை வெப்பத்தில் அது திரவம்கூட இல்லை, வாயு. மைனஸ் 25 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். ஸ்ப்ரே டப்பாக்களில் உள்ளே இருப்பதை வெளியே தள்ள அதைப் பயன்படுத்துகிறார்கள்.

சரக்கு ஒன்று, எடை ஒன்று, அணுக்களின் எண்ணிக்கையும் ஒன்று. ஆனால் பொருள் இரண்டு! வித்தியாசம் எங்கே? எத்தனாலில் ஆக்ஸிஜன் ஓரத்தில் ஒரு ஹைட்ரஜனோடு நிற்கிறது. ஈதரில் இரண்டு கார்பன்களுக்கும் நடுவில் நிற்கிறது. அவ்வளவுதான். யாருக்குப் பக்கத்தில் யார் என்பதுதான் வித்தியாசம். இதைத்தான் வேதியியலில் 'அமைப்பு' என்கிறார்கள்.

எல்லாப் பொருள்களும் எலக்ட்ரான்களாலும் அணுக்கருக்களாலும் ஆனவை. அவை எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்வது குவாண்டம் இயற்பியல். அப்படியானால் இந்த 'அமைப்பு' என்பதும் குவாண்டம் சமன்பாட்டிலிருந்து தானாக வந்து விழ வேண்டும் அல்லவா? விழும் என்று 1929-ல் ஒருவர் அடித்துச் சொன்னார். கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன. வழக்கு இன்னும் முடியவில்லை. அந்த வழக்கின் கதைதான் இது.

கோடு போட்டவர்கள்

முதலில் ஒரு விஷயம். மூலக்கூறுக்கு அமைப்பு உண்டு என்று கண்டுபிடித்தவர்கள் இயற்பியலாளர்கள் அல்ல. எலக்ட்ரான் என்று ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில், குடுவையும் தராசும் வைத்துக்கொண்டு வேதியியலாளர்கள் கண்டுபிடித்தது அது. 1858-ல் ஜெர்மனியின் ஆகஸ்ட் கெகுலே கார்பனுக்கு நான்கு 'கைகள்' உண்டு, கார்பன்கள் ஒன்றோடொன்று கைகோத்துச் சங்கிலியாக நிற்கும் என்றார். அதே ஆண்டில் ஸ்காட்லாந்துக்காரர் ஆர்ச்சிபால்ட் கூப்பரும் தனியாக அதையே சொன்னார். 1861-ல் ரஷ்யாவின் பட்லெரோவ் 'வேதி அமைப்பு' என்ற சொல்லை முன்வைத்தார். 1865-ல் கெகுலே பென்சீனுக்கு வளையத்தை வரைந்தார். தன் வாலைத் தானே கவ்வும் பாம்பைக் கனவில் கண்டு பிடித்தேன் என்று பிற்பாடு அவர் சொன்ன கதை பாடப்புத்தகம் வரை வந்துவிட்டது.

1874-ல் ஹாலந்து இளைஞர் வான்ட் ஹாஃப் இன்னும் ஒரு படி போனார். காகிதத்தில் தட்டையாக வரைந்தால் போதாது, கார்பனின் நான்கு கைகளும் நான்கு திசைகளில் நீட்டிக்கொண்டிருக்கின்றன, மூலக்கூறு முப்பரிமாணம் கொண்டது என்றார். அதே ஆண்டில் பிரான்சின் லெ பெல்லும் இதே முடிவுக்கு வந்தார். வலது கை இடது கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமாக இருக்கும் பொருள்களை லூயி பாஸ்டர் 1848-லேயே பிரித்துக் காட்டியிருந்தார். அது ஏன் என்பதற்கு இதுதான் விடை.

அந்தக் காலத்துப் பெரியவர் ஹெர்மன் கோல்பேவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யாரும் பார்க்க முடியாத அணுக்கள் எந்தத் திசையில் நிற்கின்றன என்று சொல்வது விஞ்ஞானமா, கற்பனைக் குதிரையா? வான்ட் ஹாஃப் அப்போது உட்ரெக்ட் நகரின் கால்நடை மருத்துவப் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் குத்திக்காட்டி 1877-ல் கோல்பே கிண்டலாக எழுதினார். ஆனால் காலம் யார் பக்கம் நின்றது? 1901-ல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு கொடுக்கப்பட்டபோது அதை வாங்கியவர் வான்ட் ஹாஃப்தான். (பரிசு வேறு ஆராய்ச்சிக்காக, அது தனிக் கதை.)

இங்கே கவனிக்க வேண்டியது, அமைப்பு என்பது அனுபவத்தில் பிறந்த அறிவு. ஒரு பொருளுக்கு எத்தனை மாற்றியங்கள் கிடைக்கின்றன என்று எண்ணி, எது எதோடு வினைபுரிகிறது என்று பார்த்து, அதற்குப் பொருந்துகிற படத்தை வரைந்தார்கள். அந்தக் கோடு உண்மையில் என்ன என்று கேட்டால் அவர்களிடம் பதில் இல்லை. கோடு வேலை செய்தது, அவ்வளவே.

1927: கோட்டுக்கு விளக்கம் கிடைத்தது

1916-ல் அமெரிக்காவின் கில்பர்ட் லூயிஸ் அந்தக் கோடு என்பது இரண்டு அணுக்கள் பங்குபோட்டுக்கொள்ளும் ஒரு ஜோடி எலக்ட்ரான் என்றார். ஆனால் எதிர் எதிராகத் தள்ள வேண்டிய இரண்டு எலக்ட்ரான்கள் ஏன் ஜோடி சேர வேண்டும்? பழைய இயற்பியலில் இதற்கு விடை கிடையாது.

1926-ல் ஷ்ரோடிங்கரின் சமன்பாடு வந்தது. அடுத்த வருடமே ஜூரிச்சில் இருந்த வால்டர் ஹைட்லர், ஃப்ரிட்ஸ் லண்டன் என்ற இரண்டு இளைஞர்கள் (ஒருவருக்கு 23 வயது, இன்னொருவருக்கு 27) அதை ஹைட்ரஜன் மூலக்கூறுக்குப் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு எலக்ட்ரான்களையும் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்து அடையாளம் காட்ட முடியாது என்ற குவாண்டம் விதியைச் சேர்த்தவுடன் பிணைப்பு வந்துவிட்டது! உண்மையான பிணைப்பு ஆற்றலில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு அந்த முதல் முயற்சியிலேயே கிடைத்தது. எழுபது வருடமாக வேதியியலாளர்கள் போட்ட கோட்டுக்கு முதல்முறையாக இயற்பியல் விளக்கம் சொன்னது.

இந்த உற்சாகத்தில்தான் 1929-ல் பால் டிராக் தன் புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். அப்போது அவருக்கு 26 வயது. அவர் சொன்னதன் சாரம் இதுதான்: வேதியியல் முழுவதற்கும் தேவையான அடிப்படை விதிகள் எல்லாம் கிடைத்துவிட்டன, மிச்சம் இருப்பது ஒரே ஒரு கஷ்டம், அந்தச் சமன்பாடுகள் தீர்க்க முடியாத அளவுக்குச் சிக்கலாக இருக்கின்றன, அவ்வளவுதான். அதாவது கொள்கை அளவில் வேதியியல் முடிந்துபோன கடை. கணக்குப் போடுவதுதான் பாக்கி. அதனால் நல்ல தோராய முறைகளைத் தேட வேண்டும் என்றும் அவரே சொன்னார்.

வேதியியலாளர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்? கூட்டல் கழித்தல் மட்டும் பாக்கி என்று சொன்னால் அந்தத் துறைக்கு என்று சொந்தமாக எதுவும் இல்லை என்றுதானே அர்த்தம்? சண்டையின் வேர் இங்கேதான்.

மாஸ்கோவில் ஒரு விசாரணை

கணக்கு போடும் வேலையை எடுத்துக்கொண்டவர்களில் முக்கியமானவர் லைனஸ் பாலிங். 1931 முதல் வேதிப் பிணைப்பு பற்றி எழுதத் தொடங்கி, 1939-ல் அதைப் புத்தகமாகக் கொண்டு வந்தார். பென்சீனுக்கு ஒரே படம் வரைய முடியாது. கெகுலேயின் வளையத்தில் ஒற்றைக் கோடும் இரட்டைக் கோடும் மாறி மாறி வரும். ஆனால் உண்மையில் ஆறு பிணைப்புகளும் ஒரே நீளம். அதனால் பல படங்களின் கலவையாக அதை நினைக்க வேண்டும் என்றார் பாலிங். இதற்குப் பெயர் 'உடனிசைவு'. அந்தப் படங்களில் எதுவுமே தனியாக உண்மை இல்லை, கணக்கு வசதிக்காக வரைந்தவை என்பதையும் சேர்த்தே சொன்னார்.

"உண்மை இல்லாத படங்களை வைத்து உண்மையை விளக்குவதா? இது முதலாளித்துவக் கருத்துமுதல்வாதம்!" என்ற தொனியில் சோவியத் யூனியனில் எதிர்ப்பு கிளம்பியது. 1951-ல் மாஸ்கோவில் இதற்கென்றே ஒரு மாநாடு கூட்டினார்கள். உடனிசைவுக் கொள்கையைத் தங்கள் நூலில் எடுத்துச் சொல்லியிருந்த சிர்கின், தியாட்கினா என்ற இரண்டு சோவியத் விஞ்ஞானிகள் கடும் கண்டனத்துக்கு ஆளானார்கள். மாற்றாகத் தூக்கிப் பிடிக்கப்பட்டவர் 1861-ன் பட்லெரோவ். வேடிக்கை என்னவென்றால், அதே சமயத்தில் அமெரிக்காவில் பாலிங்கைக் கம்யூனிஸ்ட் அனுதாபி என்று சந்தேகித்து, 1952-ல் அவருக்குப் பாஸ்போர்ட் தர மறுத்தார்கள். இங்கேயும் அடி, அங்கேயும் அடி!

அரசியலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அந்தக் கேள்வி ஒன்றும் முட்டாள்தனமானது அல்ல. வேதியியலாளர் வரையும் படத்தில் எது இயற்கையில் இருக்கிறது, எது கணக்குக்காக நாம் போட்டது? கேள்வி சரி. அதை விஞ்ஞானிகளின் வேலைக்கு உலை வைக்கும் ஆயுதமாக்கியதுதான் தவறு.

சோதனையைத் திருத்திய கணக்கு

டிராக் சொன்னது சரியென்றால் ஒருநாள் கணக்கு சோதனையோடு அச்சு அசலாகப் பொருந்த வேண்டும். பொருந்தியது. பொருந்தியது மட்டுமல்ல, சோதனையையே திருத்தியது.

முதல் சம்பவம் ஹைட்ரஜன் மூலக்கூறு. 1933-ல் ஜேம்ஸ், கூலிட்ஜ் என்ற இருவர், இன்றைய கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத காலத்தில், ஹைட்ரஜனின் பிணைப்பு ஆற்றலை ஏறக்குறைய முழுமையாகக் கணக்கிட்டார்கள். 1960-களில் போலந்துக்காரர்களான கோவோஸ், வோல்னியேவிச் இருவரும் கம்ப்யூட்டரை வைத்து அதை இன்னும் நுணுக்கமாகச் செய்தார்கள். விடை, அப்போது உலகின் தலைசிறந்த நிறமாலை நிபுணராக இருந்த கெர்ஹார்ட் ஹெர்ஸ்பெர்க் கனடாவில் அளந்த மதிப்போடு இடித்தது. வித்தியாசம் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் வித்தியாசம் போன திசை தவறு. இந்த வகைக் கணக்கில் குறைவாக வரலாம், கூடுதலாக வரக்கூடாது. வந்தது கூடுதல்! ஆக ஒன்று கணக்கு தப்பு, இல்லை சோதனை தப்பு. ஹெர்ஸ்பெர்க் திரும்ப அளந்தார். 1970-ல் வெளிவந்த புதிய அளவு கணக்கோடு ஒத்துப்போனது.

இரண்டாவது சம்பவம் இன்னும் சுவாரஸ்யம், ஏனென்றால் இது நேராக வடிவத்தைப் பற்றியது. மெத்திலீன் என்பது ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும் மட்டும் கொண்ட, கண நேரமே வாழும் மூலக்கூறு. அது நேர்க்கோடாக இருக்கிறதா, வளைந்திருக்கிறதா? 1960-ல் ஃபாஸ்டர், பாய்ஸ் என்ற இருவர் கணக்குப் போட்டு வளைந்திருக்கிறது, கோணம் 129 டிகிரி என்றார்கள். 1961-ல் ஹெர்ஸ்பெர்க் தன் சோதனைகளை வைத்து அது நேர்க்கோடு என்றார். ஹெர்ஸ்பெர்க் சொன்னால் யார் மறுத்துப் பேசுவார்கள்? கணக்கு ஓரங்கட்டப்பட்டது. 1970-ல் பெண்டர், ஷேஃபர் இருவரும் மேம்பட்ட கணக்கோடு வந்து 135 டிகிரி, வளைந்துதான் இருக்கிறது என்று சாதித்தார்கள். ஷேஃபருக்கு அப்போது இருபதுகளின் நடுவயதுதான். அதே ஆண்டில் வேறு சோதனைக் குழுக்களும் அதை உறுதி செய்தன. 1971-ல் ஹெர்ஸ்பெர்க் தன் பழைய தரவுகளை மறுபடி ஆராய்ந்து, வளைவு என்று ஒப்புக்கொண்டார். அதே 1971-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. தவறை ஒப்புக்கொள்வதால் பெருமை குறைவதில்லை என்பதற்கு நல்ல உதாரணம்.

1998-ல் இந்தக் கணக்கு முறைகளுக்காகவே ஜான் போப்பிள், வால்டர் கோன் இருவருக்கும் வேதியியல் நோபல் கொடுத்தார்கள். டிராக் ஜெயித்துவிட்டார், வழக்கு முடிந்தது... என்றுதான் தோன்றும்.

சின்ன எழுத்தில் இருந்த நிபந்தனை

கணக்குப்பதிவியலில் 'இருப்பாய்வு' என்று ஒன்று உண்டு. பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் சமமாக வந்துவிட்டால் கணக்கு சரி என்று பலரும் நினைப்பார்கள். ஆனால் சமமாக வந்தது என்பதால் மட்டும் எல்லாப் பதிவும் சரி என்று ஆகிவிடாது. எந்தப் பதிவு எங்கிருந்து வந்தது என்று வவுச்சரைப் புரட்டிப் பார்க்க வேண்டும். வேதிக் கணக்கிலும் சிலர் வவுச்சரைப் புரட்டினார்கள்.

மேலே சொன்ன கணக்குகளுக்கெல்லாம் அடித்தளம் ஒன்று உண்டு. 1927-ல் கோட்டிங்கனில் மாக்ஸ் பார்ன், ராபர்ட் ஓப்பன்ஹைமர் இருவரும் எழுதிய கட்டுரை அது. (ஆமாம், பிற்பாடு அணுகுண்டு செய்த அதே ஓப்பன்ஹைமர்தான். அப்போது பார்னின் மாணவர், வயது 23.) அவர்கள் சொன்ன யோசனை எளிமையானது. மிக லேசான அணுக்கருவான ப்ரோட்டானே எலக்ட்ரானைவிட 1836 மடங்கு கனமானது. யானையைச் சுற்றிக் கொசு பறக்கிற மாதிரி. கொசுவின் ஓட்டத்தைக் கணக்கிடும்போது யானை நகரவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். அதனால் முதலில் அணுக்கருக்களை ஓரிடத்தில் ஆணி அடித்தது போல நிறுத்து, எலக்ட்ரான்களை மட்டும் கணக்கிடு, பிறகு கருக்களைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி கணக்கிடு. ஆற்றல் எங்கே குறைவோ அதுதான் மூலக்கூறின் வடிவம்.

அருமையான வழி. ஆனால் 'அணுக்கருக்களை ஓரிடத்தில் நிறுத்து' என்ற இடத்தில்தான் சிக்கல். எத்தனாலையே எடுத்துக்கொள்வோம். அதில் ஒன்பது அணுக்கருக்கள், 26 எலக்ட்ரான்கள், மொத்தம் 35 துகள்கள். ஈதரிலும் அதே 35. அந்த 35 துகள்களுக்கும் எந்தத் தோராயமும் செய்யாமல் குவாண்டம் சமன்பாட்டை எழுதினால் எத்தனாலுக்கும் ஈதருக்கும் வருவது ஒரே சமன்பாடு! அதில் மின்னூட்டம் இருக்கிறது, நிறை இருக்கிறது, யார் பக்கத்தில் யார் என்பது மட்டும் இல்லை. எத்தனால் வேண்டும் என்றால் அணுக்கருக்களை எத்தனால் போல நிறுத்திவிட்டுக் கணக்கைத் தொடங்குகிறோம். ஈதர் வேண்டும் என்றால் ஈதர் போல.

அந்த முழுச் சமன்பாட்டை நேர்மையாகத் தீர்த்தால் வருகிற மிகக் குறைந்த ஆற்றல் நிலை இன்னும் விசித்திரம். சுழற்சி இல்லாத தனித்த மூலக்கூறுக்கு அது எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி, பந்து போல இருக்கும். ஆறு ஹைட்ரஜனும் ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லாதவை என்பதால், ஆக்ஸிஜன் பக்கத்தில் இருக்கும் ஹைட்ரஜன் எது என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. கோணம், கை, பக்கம் எதுவும் வெளிப்படையாகத் தெரியாது.

ஹுண்ட் கேட்ட கேள்வி

இந்தச் சிக்கலின் ஒரு முனையை 1927-லேயே பிடித்தவர் ஃப்ரெடரிக் ஹுண்ட். பாஸ்டரின் வலது கை, இடது கை மூலக்கூறுகளை அவர் எடுத்துக்கொண்டார். கார்வோன் என்ற பொருளின் ஒரு கை புதினா வாசனை தரும். அதன் கண்ணாடி பிம்பம் கேரவே என்ற சீரக வகை விதையின் வாசனை தரும். மூக்கே பிரித்துச் சொல்லிவிடும். ஆனால் குவாண்டம் சமன்பாட்டுக்கு வலது இடது பேதம் கிடையாது. அதன்படி மிகக் குறைந்த ஆற்றல் நிலை என்பது இரண்டும் சரிபாதியாகக் கலந்த நிலை. அப்படியானால் உலகில் ஏன் வலது கை மூலக்கூறும் இடது கை மூலக்கூறும் தனித்தனியாகக் கிடைக்கின்றன? கலந்த நிலையில் ஏன் கிடைப்பதில்லை?

ஹுண்ட் ஒரு பதிலும் சொன்னார். வலதிலிருந்து இடதுக்குத் தடுப்பை ஊடுருவி மாற முடியும், ஆனால் பெரும்பாலான மூலக்கூறுகளில் அதற்குப் பிடிக்கும் காலம் கற்பனைக்கு எட்டாத நீளம். அதனால் ஒருமுறை வலது என்றால் வலதுதான். சரி, ஆனால் முதலில் அது வலதாக எப்படி ஆனது? அதற்கு இந்தப் பதில் போதாது.

மாறாமல் இருப்பது பெரிய மூலக்கூறுகளின் குணம். சின்ன மூலக்கூறான அம்மோனியா அப்படி இல்லை. பாடப்புத்தகத்தில் அது ஒரு பிரமிடு: மேலே நைட்ரஜன், கீழே மூன்று ஹைட்ரஜன். உண்மையில் அந்தப் பிரமிடு காற்றில் திரும்பும் குடை மாதிரி உள்ளும் வெளியுமாகப் புரண்டுகொண்டே இருக்கிறது. அதன் அதிர்வெண் வினாடிக்குச் சுமார் 2,400 கோடி. 1954-ல் சார்லஸ் டவுன்ஸ் குழுவினர் லேசரின் முன்னோடியான மேசரைச் செய்தது இந்தப் புரளலை வைத்துத்தான். அந்த மேசருக்குத் தேவைப்பட்டது 'மேல் பிரமிடு', 'கீழ் பிரமிடு' அல்ல, இரண்டும் கலந்த நிலைகள். ஆக கலந்த நிலை என்பது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. அதை வைத்துக் கருவியே செய்துவிட்டார்கள்.

1970-களில் ஆர். ஜி. வூலி இந்தக் கேள்வியை நடுச்சபைக்குக் கொண்டு வந்தார். 1978-ல் அமெரிக்க வேதியியல் கழகத்தின் இதழில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே, மூலக்கூறுக்கு வடிவம் இருந்தே ஆக வேண்டுமா என்பதுதான். குவாண்டம் கொள்கையிலிருந்து வடிவத்தை யாரும் வருவிக்கவில்லை, வேதியியலாளர்களுக்கு முன்பே தெரிந்த வடிவத்தைக் கணக்குக்குள் கையால் வைத்துவிட்டு, அதையே விடையாக எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவர் வாதம். 1981-ல் ஜூரிச்சின் ஹான்ஸ் பிரிமாஸ் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். மூலக்கூறைச் சுற்றுப்புறத்திலிருந்து பிரித்துத் தனியாகப் பார்ப்பதே முதல் தவறு என்றார் அவர். அதற்குப் பிறகு ராபின் ஹென்ட்ரி போன்ற தத்துவ அறிஞர்களும் களத்தில் இறங்கினார்கள். வேதியியலுக்கென்று சொந்தமாக ஏதோ ஒன்று இருக்கிறது என்பது அவர்கள் பக்கம்.

எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா?

டிராக் பக்கத்தினருக்கும் வலுவான பதில்கள் உண்டு. ஒன்று, வடிவத்தைக் கையால் வைக்கிறோம் என்பது பாதி உண்மைதான். அணுக்கருக்களை எங்கே வேண்டுமானாலும் வைத்துப் பார்க்கலாம், ஆனால் ஆற்றல் எங்கே பள்ளமாக இருக்கும் என்பதை நம்மால் முடிவு செய்ய முடியாது. எத்தனாலுக்கு ஒரு பள்ளம், ஈதருக்கு ஒரு பள்ளம் என்று காட்டுவது கணக்குதான். மெத்திலீனை நேர்க்கோடாக வைத்துத் தொடங்கினாலும் அது வளைந்துதானே வந்து நின்றது? உலகமே நேர்க்கோடு என்று நம்பியபோது கணக்கு வளைவு என்று சொன்னதே! முன்பே தெரிந்ததைத்தான் திருப்பிச் சொல்கிறது என்றால் அது எப்படி நடந்திருக்கும்?

இரண்டு, எந்த மூலக்கூறும் தனியாக இல்லை. காற்று மூலக்கூறுகள் வந்து மோதிக்கொண்டே இருக்கின்றன, ஒளி பட்டுக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு மோதலும் 'நீ வலதா இடதா' என்று விசாரித்துவிட்டுப் போவது போல. இப்படி விசாரிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும் மூலக்கூறால் கலந்த நிலையில் நீடிக்க முடியாது. 2009-ல் டிராஸ்ட், ஹார்ன்பெர்கர் இருவரும் ஒரு சின்ன மூலக்கூறை ஹீலியம் வாயுவுக்குள் வைத்துக் கணக்கிட்டு, மோதல்களே அதன் கையை நிலைநிறுத்தப் போதும் என்று காட்டினார்கள். பிரிமாஸ் சொன்ன 'சுற்றுப்புறம்' இப்போது டிராக் பக்கத்து ஆயுதமாகிவிட்டது!

மூன்று, அணுக்கருக்களை ஆணி அடிக்காமல் எலக்ட்ரான்களோடு சமமாகவே நடத்தும் கணக்குகளும் வந்துவிட்டன. 2011-ல் எடித் மாட்யுஷும் அவர் குழுவினரும் மூன்று துகள் கொண்ட எளிய அமைப்புகளை எடுத்துக்கொண்டு, நிறை விகிதம் மாற மாற, அணு போன்ற தோற்றம் எப்படி மூலக்கூறு போன்ற தோற்றமாக மாறுகிறது என்று காட்டினார்கள். வடிவம் என்பது ஆம் இல்லை என்று சொல்கிற விஷயம் அல்ல, படிப்படியாக உருவாகிற ஒன்று என்று அதிலிருந்து புரிகிறது.

இதற்கும் மறுப்பு இருக்கிறது. மோதல்கள் கலவையைக் குலைக்கும் என்பது சரி. ஆனால் குலைந்த பிறகு 'வலதும் இடதும்' என்பது எப்படி 'வலது அல்லது இடது' என்று ஆனது? இது குவாண்டம் இயற்பியலின் பழைய தலைவலி, ஷ்ரோடிங்கரின் பூனைக் கதையில் வருகிற அதே தலைவலி. மூலக்கூறு வடிவப் பிரச்சினை என்பது தனிப் பிரச்சினையே இல்லை, அந்த அளவீட்டுப் பிரச்சினைதான் இது என்று அலெக்சாண்டர் ஃப்ராங்க்ளின், வனேசா சைஃபர்ட் இருவரும் 2020-ல் வாதிட்டார்கள். அது உண்மையென்றால் வேதியியலாளர்கள் மீதுள்ள குற்றச்சாட்டு தள்ளுபடி. குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியது இயற்பியலே.

அனாமத்துக் கணக்கு

2009-ல் ஜூரிச் அருகே ஐபிஎம் ஆய்வகத்தில் பெண்டசீன் என்ற ஒற்றை மூலக்கூறை நுண்ணோக்கியில் படமெடுத்தார்கள். ஐந்து அறுகோண வளையங்கள் வரிசையாக, கெகுலே பாணியில் வரைந்தது போலவே தெரிந்தன. யாரும் பார்க்க முடியாததைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கோல்பே திட்டிய 1877-க்கும் இந்தப் படத்துக்கும் இடையே 132 வருடம். இதைப் பார்த்த பிறகுமா மூலக்கூறுக்கு வடிவம் இல்லை என்பீர்கள் என்று கேட்கலாம். ஆனால் வூலி தரப்பு மறுப்பது அதை அல்ல. அந்த மூலக்கூறு ஒரு பரப்பின் மேல், மிகக் குளிர்ந்த நிலையில், சுற்றுப்புறத்தோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. அங்கே வடிவம் இருக்கிறது. தனியாக விட்டால் இருக்குமா என்பதுதான் கேள்வி.

ஆக, வழக்கின் நிலவரம் என்ன? குவாண்டம் விதிகளுக்கு எதிராக எந்த மூலக்கூறும் நடந்ததில்லை. அந்த அளவில் டிராக் சொன்னது நிற்கிறது. ஆனால் விதிகளோடு முரண்படாமல் இருப்பது வேறு, விதிகளிலிருந்து மட்டுமே வருவது வேறு. முதலாவது நிரூபணமாகிவிட்டது. இரண்டாவதற்கு எந்த மூலக்கூறு, எந்தச் சூழலில், எப்படி உண்டாக்கப்பட்டது என்ற தகவல்களும் வேண்டியிருக்கின்றன. அந்தத் தகவல் சமன்பாட்டுக்குள் இல்லை. அது அந்தப் பொருளின் வரலாற்றில் இருக்கிறது. எத்தனால் ஏன் எத்தனாலாக இருக்கிறது? சர்க்கரையை ஈஸ்ட் நொதிக்க வைத்ததால். 35 துகள்களின் சமன்பாட்டில் ஈஸ்ட்டுக்கு இடம் கிடையாது. ஈஸ்ட்டையும் சேர்த்து இன்னும் பெரிய சமன்பாடு எழுதலாமே என்று டிராக் பக்கத்தினர் சொல்வார்கள். எழுதலாம், ஆனால் அங்கேயும் தொடக்க நிலையைக் கையால்தான் போட வேண்டும் என்று மற்றவர்கள் சொல்வார்கள்.

இருப்பாய்வு சமமாக வராதபோது வித்தியாசத் தொகையை அனாமத்துக் கணக்கில் எழுதி வைப்பது வழக்கம். காரணம் தெரிகிற அன்று அதைச் சரியான கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். மூலக்கூறின் வடிவம் 1927-லிருந்து அப்படி அனாமத்துக் கணக்கில்தான் கிடக்கிறது. அதில் பெரும்பகுதியைச் சுற்றுப்புற மோதல்களின் பெயருக்கு மாற்றி எழுதியாயிற்று. மிச்சம் இருக்கும் தொகை சின்னதுதான். ஆனால் அது யார் பெயருக்குப் போக வேண்டும் என்பதில்தான் இரண்டு துறைகளும் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன. அதுவரை வேதியியலாளர்கள் வழக்கம்போலக் கோடு போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தக் கோடு 1858-லிருந்து இதுவரை அவர்களைக் கைவிட்டதில்லை.